பொன் நாட்டில் ஓர் ஆசிரியை



2024ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நமது குருத்துவ வெள்ளி விழாவைப் பங்கு மக்கள் எளிய முறையில் கொண்டாடினர். திருப்பலி முடிந்தபின் பங்குப் பேரவையினர் ஓர் உறையை நம் கையில் அளித்து, "சாமி, இதைக் கொண்டு நீங்கள் விரும்பிய திருத்தலத்திற்குச் சென்று வாருங்கள்" என்று அன்போடு கூறினர். நாம் எருசலேமுக்கோ, உரோமைக்கோ, லூர்து நகருக்கோ செல்வோம் என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். நாமோ தாய்லாந்து நாட்டுத் தலைநகரான பாங்காக்கிற்குச் செல்லப் போவதாக அறிவித்தபொழுது சிலர் வியந்தனர், சிலர் சிரித்தனர். அங்கு நமக்கு ஒரு கடன் இருந்தது என்பதை மிகச் சிலரே அறிவர். அக் கடனின் கதையே இக் கட்டுரை.

சென்னையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மணி நேரப் பயணத்தில் விமானம் பாங்காக்கை அடைகிறது. நம் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும். நாட்காட்டியையோ 543 ஆண்டுகள் முன்னே தள்ளி வைக்க வேண்டும்! அந் நாட்டினர் புத்தர் ஆண்டைப் பின்பற்றுவதால், நாம் சென்ற 2024ஆம் ஆண்டு அவர்களுக்கு 2567ஆம் ஆண்டாக இருந்தது. விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. பொன் நாடு என்னும் பொருளை எந்தத் தமிழருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந் நிலையத்தினுள்ளே, தேவரும் அசுரரும் பாற்கடல் கடையும் காட்சியை மாபெரும் சிலைத் தொகுதியாய் அமைத்திருக்கின்றனர். பொன்னைத் தேடி வருவோர்க்கு அமுதமும் கிடைக்கலாம், நஞ்சும் கிடைக்கலாம் என்று அச் சிலை நமக்குச் சொல்வது போலிருந்தது. இரண்டும் கிடைத்த இருவரை நாம் அறிவோம்.

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நாள், நன்கு உடுத்திய ஒருவர் நம் பங்கு இல்லத்திற்கு வந்தார். வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் சேர்ப்பவர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். பாங்காக்கில் பன்னாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர் வேலையும், கணினி தெரிந்தவர்களுக்கு அலுவலக வேலையும் காத்திருக்கின்றன என்றார். கெபித் திருப்பணிக்கென 5,000 ரூபாயும் அளித்தார். நாம் அவருடைய விளம்பரத் தாளை வாங்கி, கோவில் வாயிலிலுள்ள கண்ணாடிப் பலகைக்குள் நம் கையாலேயே ஒட்டினோம். அவர் யார், எந்த ஊரார், அரசின் பதிவு பெற்றவரா என்று ஒரு வார்த்தையும் நாம் கேட்கவில்லை. திருமண அறிவிப்பு என்றால் மூன்று முறை ஓலை வாசித்துத் தடையுண்டா என்று கேட்கிற நாம், நம் பிள்ளைகளைக் கடல் கடந்து அழைத்துச் செல்ல வந்தவரிடம் ஒருமுறையேனும் கேட்காமற் போனோம்.

கோவில் பலகையில் இருந்ததனாலேயே மக்கள் அதை நம்பினர். இருவர் அவரை நாடினர். ஒருவர் கணினிப் படிப்பு முடித்த 24 வயது இளைஞர். மற்றவர் நம் பங்கின் மறைக்கல்வி ஆசிரியை. கணிதத்தில் முதுகலையும், கல்வியியலில் பட்டமும் பெற்று, ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாண்டுகளாய்ப் பணிபுரிந்து வந்தவர். தந்தை இறந்துவிட்டார். தாயும், கல்லூரியில் படிக்கும் தம்பியும், தீராத வீட்டுக் கடனும் அவருடைய பொறுப்பில் இருந்தன.

இளைஞர் முந்திக்கொண்டார். வட்டிக்கு வாங்கிய பணத்தில் இரண்டு இலட்சம் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். பாங்காக்கில் இறங்கியவரை ஒரு வண்டியில் ஏற்றி, இரவெல்லாம் ஓட்டி, மேற்கெல்லையிலுள்ள மே சோட் நகருக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து மோய் ஆற்றைக் கடந்தால் மியான்மர் நாட்டு மியாவடிப் பகுதி. கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டு, உயர்ந்த மதில்களுக்குள் அடைத்து, கணினியின் முன் அமர்த்தி, முகமறியா மக்களிடம் பொய்யுரைத்துப் பணம் பறிக்கும் வேலையைச் செய்ய வைத்தனர். மறுத்தோர்க்கு அடியும் பட்டினியும் கிடைத்தன.

இது அந்த ஓர் இளைஞருக்கு மட்டும் நேர்ந்ததன்று. தாய்லாந்தில் வேலை என்று கூறி இளைஞர்களை மியான்மருக்குக் கடத்தும் கும்பல்களைப் பற்றி இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில், மீட்கப்பட்ட தமிழ் இளைஞர் சிலர் சென்னை வந்திறங்கிய செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். நம் பங்கின் இளைஞர் அடுத்த ஆண்டுத் தவக்காலத்தில்தான் வீடு திரும்பினார். அவர் திரும்பும்வரை நாம் ஆற்றிய ஒவ்வொரு திருப்பலியிலும் அந்தக் கண்ணாடிப் பலகை நம் கண் முன்னே நின்றது.

ஆசிரியை கேட்ட கேள்வி

அந்த ஆசிரியைக்கும் அதே முகவர் ஒரு நியமனக் கடிதத்தைக் கொடுத்திருந்தார். பாங்காக்கிலுள்ள ஒரு பள்ளியின் பெயரும் முத்திரையும் அதில் இருந்தன. மூன்றரை இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும். பத்து நாளில் புறப்பட வேண்டும். சுற்றுலாப் பயணியாய் நுழைந்துவிட்டால் மற்றவற்றை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றார். தாய், நகைகளையும் வீட்டுப் பத்திரத்தையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு நம்மிடம் வந்து, "சாமி, பிள்ளையை அனுப்பலாமா? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார்.

நாம் வாய் திறப்பதற்குள் மகளே பேசினார். "ஃபாதர், நம் ஊர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபொழுதுகூட என்னை ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். இவர்கள் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லையே! முன்பின் அறியாத ஒருத்தியிடம் பிள்ளைகளை ஒப்படைக்கிற பள்ளி எப்படிப்பட்ட பள்ளியாக இருக்கும்?"

இக் கேள்வி நம்மைச் சுட்டது. அன்று மாலையே அவர் அப் பள்ளியின் உண்மையான முகவரியைத் தேடிக் கண்டுபிடித்து எழுதினார். இரண்டு நாளில் மறுமொழி வந்தது. அப்படி ஒரு பணியிடம் தங்களிடம் இல்லை, கடிதம் போலியானது, எந்த ஆசிரியரிடமும் தாங்கள் பணம் வாங்குவதில்லை என்று எழுதியிருந்தனர். பையும் பத்திரமும் வீடு திரும்பின. நாம் பலகையிலிருந்த தாளைக் கிழித்தெறிந்தோம். அடுத்த ஞாயிறு பீடத்தின் முன் நின்று, நம் கவனக்குறைவை மக்கள்முன் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம்.

நேர்வழியின் நீளம்

ஆசிரியை வெளிநாட்டு எண்ணத்தைக் கைவிடவில்லை. "போலி ஒன்று இருக்கிறதென்றால் மெய்யும் ஒன்று இருக்க வேண்டுமல்லவா, ஃபாதர்?" என்றார். அவர் சென்ற நேர்வழியை நாம் அருகிலிருந்து பார்த்தோம். நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகக் கூறுகிறோம்.

பன்னாட்டுப் பள்ளிகள் என்பவை அயல்நாட்டுப் பாடத்திட்டங்களை ஆங்கிலத்தில் கற்பிப்பவை. சில பிரித்தானிய முறையையும், சில அமெரிக்க முறையையும், சில 1968ஆம் ஆண்டு செனிவா நகரில் நிறுவப்பெற்ற அனைத்துலகப் பள்ளியிறுதித் திட்டத்தையும் பின்பற்றுகின்றன. இந்தியப் பாடத்திட்டத்தை நடத்தும் பள்ளிகளும் உண்டு. இவற்றுள் பலவும் ஆகஸ்டில் கல்வியாண்டைத் தொடங்குகின்றன. ஆதலின் ஆசிரியரைத் தேடும் பருவம் முந்தின ஆண்டு நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. மே மாதத்தில் விழித்துக்கொள்வோர்க்கு மிஞ்சிய இடங்களே கிடைக்கும்.

அவர் 2022 நவம்பர் முதல் பள்ளிகளுக்கு நேராகவே எழுதத் தொடங்கினார். 31 பள்ளிகளுக்கு எழுதினார். ஆறு மறுமொழிகள் வந்தன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாய்க் கொண்ட சில நாட்டுக் கடவுச்சீட்டு உடையோரையே விரும்புவதாக ஒரு பள்ளி தெரிவித்தது. அதே வேலைக்கு மேலைநாட்டாரைவிடக் குறைந்த ஊதியம் தர முன்வந்தது மற்றொன்று. கற்பித்தலுக்குத் தோலின் நிறம் ஒரு தகுதியா என்று அவர் மனம் நொந்த நாட்கள் உண்டு. அந் நாட்களிலும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை அவர் தவறவிட்டதில்லை.

இறுதியில் ஒரு பள்ளி அவரை அழைத்தது. கணினித் திரையின் வழியாய் மூவர் அமர்ந்து ஒரு மணி நேரம் வினவினர். மற்றொரு நாள் பின்னங்களைப் பற்றி மாதிரிப் பாடம் ஒன்றை நடத்தச் சொன்னார்கள். ஆங்கிலத் தேர்வுச் சான்று கேட்டனர். காவல் துறையின் நன்னடத்தைச் சான்று கேட்டனர். அவரை நன்கறிந்தோர் மூவரின் பெயர்களைக் கேட்டனர். அம் மூவருள் நாமும் ஒருவர். பள்ளியிலிருந்து நமக்கு நேராகவே ஒரு படிவம் வந்தது. இவரிடம் சிறு பிள்ளைகளை ஒப்படைக்கத் தயங்குவதற்கு உமக்குக் காரணம் ஏதேனும் உண்டா என்பது அதிலிருந்த வினாக்களுள் ஒன்று. அதைப் படித்தபொழுது நம் மனம் நிறைந்தது. கேள்வி கேட்பதே மெய்யான பள்ளியின் அடையாளம் என்று அவர் அன்றே கண்டுகொண்டாரே!

பின்னர் ஒப்பந்தம் வந்தது. ஊதியம், வீட்டு வாடகைக்கான தொகை, மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வந்து செல்ல விமானக் கட்டணம், இரண்டாண்டுக் காலவரை, விலக நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என எல்லாம் எழுத்தில் இருந்தன. பட்டச் சான்றுகளை மாநில அரசும், வெளியுறவு அமைச்சகமும், அந் நாட்டுத் தூதரகமும் ஒன்றன்பின் ஒன்றாய் முத்திரையிட்டு உறுதிசெய்ய இரண்டு மாதங்கள் பிடித்தன. பள்ளி அனுப்பிய தாள்களைக் கொண்டு சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தில் வேலைக்குரிய விசா பெற்றார். அங்குச் சென்றபின் வேலை அனுமதியும் பெறவேண்டும். ஆசிரியர் மன்றத்தின் இசைவும் வேண்டும். அம் மன்றத்திற்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? குருசபா! நம் காதுக்கு எத்துணை நெருங்கிய சொல்!

இங்கே ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். 2023 நவம்பரில் இந்தியர் விசா இன்றியே சுற்றுலாவுக்கு வரலாம் என்று அந் நாடு சலுகை அளித்தது. அது காண்பதற்குத் தந்த வாயில்; உழைப்பதற்குத் தந்த வாயிலன்று. சுற்றுலாவாய் நுழைந்து வேலை செய்வோர் சட்டத்தின் பார்வையில் குற்றவாளிகள். ஆதலின் ஏமாற்றுவோரின் கையில் அவர்கள் எளிதில் அகப்படுகின்றனர். வெளியே சொன்னால் தமக்கே தண்டனை என்ற அச்சமே அவர்களைப் பூட்டும் விலங்காகிறது.

ஆற்றங்கரையில் ஒரு பேராலயம்

2023 ஆகஸ்டில் அவர் பணியில் சேர்ந்தார். 2024 ஜூனில் நாம் அவரைக் காணச் சென்றோம். பங்கு மக்கள் அளித்த உறை இவ்வாறுதான் செலவாயிற்று.

பாங்காக்கின் நடுவே சாவோ பிரயா ஆறு அகன்று ஓடுகிறது. நீண்ட படகுகள் பேருந்துகளைப் போல் துறைக்குத் துறை நின்று மக்களை ஏற்றிச் செல்கின்றன. தலைக்கு மேலே தூண்களின்மீது மின்தொடர் வண்டி ஓடுகிறது. கீழே மல்லிகை மாலை தொடுக்கும் பெண்களையும், பொரித்த வாழைப்பழம் விற்போரையும், மஞ்சள் ஆடை உடுத்த புத்தத் துறவியரையும் காண்கிறோம். சீலோம் சாலையில் நம் மூதாதையரான தமிழ்க் குடியேறிகள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. தாய் மக்கள் அதைக் கேக் கோவில் என்கின்றனர். கேக் என்னும் சொல் இந்தியரைக் குறிக்கும். விருந்தினர் என்பதும் அதற்குப் பொருள். வேற்றுநாட்டில் உழைப்பவன் என்றைக்கும் விருந்தினனே என்பதை அச் சொல் நமக்கு நினைவூட்டிற்று.

ஆற்றங்கரைக்கு அருகில் செங்கல் நிறத்தில் இரட்டைக் கோபுரங்களோடு எழுந்து நிற்கிறது, தேவமாதாவின் விண்ணேற்புப் பேராலயம். முதற் கோவில் 1821ஆம் ஆண்டு கட்டப்பட்டது. இன்றுள்ள ஆலயம் 1909ஆம் ஆண்டு தொடங்கி 1918இல் முடிந்தது. 1984இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும், 2019 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிசும் அந் நாட்டிற்குச் சென்றனர். கத்தோலிக்கர் அங்கு நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆயினும் திருச்சபையின் பள்ளிகளை அறியாதவர் அந் நகரில் அரியர்.

பேராலயத்தை ஒட்டியே விண்ணேற்புக் கல்லூரி என்னும் பள்ளி இருக்கிறது. பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த தந்தை எமில் கொலம்பே 1885ஆம் ஆண்டு அதைத் தொடங்கினார். 1901ஆம் ஆண்டு புனித கபிரியேல் சபைச் சகோதரர் ஐவர் பிரான்சிலிருந்து கப்பலில் வந்து அதைப் பொறுப்பேற்றனர். அவர்களுள் இலேர் என்ற இளந் துறவி தாய் மொழியின் ஓரெழுத்தும் அறியாதவராய் வந்தார். பிற்காலத்தில் அவரே தாய்ச் சிறுவர்கள் தம் தாய்மொழியைப் படிப்பதற்கான பாடநூலை எழுதினார்! தருண் சிக்சா என்பது அந் நூலின் பெயர். இளைஞர் கல்வி என்று பொருள். வேற்று நாட்டில் கற்பிக்கச் சென்றவர் முதலில் கற்றுக்கொண்டார் என்பதை நம் ஆசிரியையிடம் கூறினோம். அவரும் மாலை வேளைகளில் தாய் எழுத்துகளைப் பயின்று வருவதாகச் சொல்லி, தம் பெயரை அம் மொழியில் எழுதிக் காட்டினார்.

இப் பேராலயத்தின் முன் நின்றபொழுது நம் சொந்த மண்ணின் நினைவு ஒன்று எழுந்தது. 1665ஆம் ஆண்டளவில் இதே வேதபோதக சபையினர், அன்றைய சயாம் நாட்டின் தலைநகரான அயுத்தியாவில் ஒரு குருமடத்தை நிறுவினர். சயாமியரும், சீனரும், வியட்நாமியரும் ஒன்றாய் அமர்ந்து இலத்தீன் மொழியில் பயின்ற பள்ளி அது. பர்மியர் படையெடுப்பால் 1765இல் அது சிதறியது. மாணவரும் ஆசிரியரும் காடும் கடலும் கடந்து அலைந்தனர். இறுதியில் 1770ஆம் ஆண்டு அவர்கள் அடைக்கலம் புகுந்த இடம் எது? நம் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம்! பன்னிரண்டு ஆண்டளவு அக் கடற்கரைக் குப்பத்தில் அந்த அயல்நாட்டுப் பிள்ளைகள் படித்தனர். பன்னாட்டுப் பள்ளி என்ற சொல் பிறப்பதற்கு முன்பே நம் கடற்கரையில் ஒரு பன்னாட்டுப் பள்ளி இருந்தது. அன்று அவர்களுடைய பிள்ளைகள் நம்மிடம் விருந்தினராய் வந்தனர். இன்று நம் பிள்ளை அவர்களிடம் விருந்தினராய்ச் சென்றிருக்கிறார்.

ஞாயிறன்று ருவாம் ருடித் தெருவிலுள்ள திருமீட்பர் ஆலயத்தில் ஆங்கிலத் திருப்பலியில் பங்கேற்றோம். 1954ஆம் ஆண்டு எழுந்த அவ்வாலயத்தின் கூரை, புத்த விகாரத்தின் கூரையைப் போல் அடுக்கடுக்காய்ச் சரிந்து முனையில் வளைந்திருக்கிறது. பிலிப்பைன் நாட்டுப் பணிப்பெண்களும், ஐரோப்பிய அலுவலரும், கேரளச் செவிலியரும், நம் ஆசிரியையும் ஒரே வரிசையில் நின்று நற்கருணை பெற்றனர். பிறந்தநாள் விழாக்கூட அங்கே அரசு விடுமுறையன்று. சென்ற கிறிஸ்மஸ் நாளில் பள்ளி விடுமுறையாய் இருந்தமையால் நள்ளிரவுத் திருப்பலிக்கு வர முடிந்ததென்று அவர் நன்றியோடு கூறினார்.

கத்தரிப்பூவும் அருகம்புல்லும்

அவ் வாரத்து வியாழக்கிழமை அவருடைய பள்ளியில் குருவணக்க விழா. தாய் மொழியில் வை குரு என்பர். வியாழன் குருவின் நாள் என்பது நமக்கும் தெரிந்ததே. கல்வியாண்டின் தொடக்கத்தையொட்டி ஜூனில் தாய்லாந்துப் பள்ளிகளில் இவ் விழா நடப்பது மரபு. பன்னாட்டுப் பள்ளிகளும் சில இதை ஏற்றுக்கொண்டுள்ளன. தலைமையாசிரியரின் இசைவோடு நாமும் கடைசி வரிசையில் அமர்ந்தோம்.

மாணவர்கள் முழந்தாளிட்டு நடந்து வந்து, தம் ஆசிரியர்முன் குனிந்து, பூத்தட்டு ஒன்றை அளித்தனர். அத் தட்டில் இருந்தவை விலையுயர்ந்த மலர்கள் அல்ல. வெட்சிப்பூ, அருகம்புல், கத்தரிப்பூ! நம் ஊர் வேலியோரத்திலும் கொல்லையிலும் காண்பவையே. வெட்சியின் கூர்மொட்டு, கூர்ந்த அறிவைக் குறிக்கும். மிதித்தாலும் பரவும் அருகு, பொறுமையைக் குறிக்கும். தலை கவிழ்ந்து பூக்கும் கத்தரிப்பூ, பணிவைக் குறிக்கும் என்று அருகிலிருந்த ஓர் ஆசிரியர் விளக்கினார்.

நம் ஆசிரியைமுன் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தட்டை வைத்து வணங்கினாள். அவர் அதைப் பெற்றுக்கொண்டபொழுது அவர் கைகள் நடுங்கின. விழா முடிந்ததும் பூத்தட்டைத் தொலைபேசியில் தாய்க்குக் காட்டினார். "கத்தரிப்பூவா? நம் வீட்டுக் கொல்லையில் இருக்கிறதே!" என்ற தாயின் குரல் நம் காதிலும் விழுந்தது. பிறகு இருவரும் நெடுநேரம் பேசவில்லை.

அன்று மாலை நாம் அவரிடம் வெளிப்படையாகவே கேட்டோம். "வந்தது நன்மையாயிற்றா, அம்மா?"

அவர் சிறிது எண்ணிப் பார்த்துச் சொன்னார். "வீட்டுக் கடனில் பாதி அடைந்துவிட்டது. தம்பி இறுதியாண்டு படிக்கிறான். பிள்ளைகள் என்மேல் அன்பாய் இருக்கிறார்கள். பாடம் நடத்துவது கடினமாக இல்லை, ஃபாதர். மாலையில் பூட்டைத் திறந்து அறைக்குள் நுழைவதுதான் கடினம். அம்மா காய்ச்சலென்று படுத்த வாரத்தில் நான் இங்கே இருந்தேன். அதற்கு எந்த ஒப்பந்தத்திலும் ஈடு எழுதவில்லை."

நாம் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. நம் மறைக்கல்வி வகுப்பில் அவருடைய நாற்காலி இன்னும் நிரப்பப்படவில்லை என்பதையும் அவரிடம் சொல்லவில்லை.

தோபித்தின் கேள்விகள்

அன்பர்களே! இரவில் நாம் தோபித்து நூலை எடுத்து வாசித்தோம். பார்வையிழந்த தந்தை, தொலைவிலுள்ள மேதியா நாட்டில் ஒருவரிடம் ஒப்படைத்திருந்த வெள்ளியைப் பெற்றுவரத் தம் ஒரே மகனை அனுப்புகிறார். கையெழுத்திட்ட சீட்டு அவரிடம் இருக்கிறது. வழித்துணையாய் ஒருவர் கிடைத்தபொழுது, உம் குலம் எது, குடும்பம் எது என்று தந்தை கேட்கிறார். வந்தவர் வானதூதர் இரபேல்! வானதூதரிடமே கேள்வி கேட்டுத் தெளிந்தபின்புதான் தோபித்து மகனை ஒப்படைத்தார். நாள் ஒன்றுக்கு இவ்வளவு கூலி என்றும் முன்னதாகவே பேசி முடித்தார். இரபேல் சினங்கொள்ளவில்லை, கேட்டதற்கெல்லாம் விடையளித்தார். ஆம், மெய்யான துணைவன் கேள்விக்கு அஞ்சமாட்டான். தாய் அன்னாவோ, பணத்தைவிடப் பிள்ளை அல்லவா பெரிது என்று கணவரிடம் அழுதாள். தந்தையின் கேள்விகளையும் தாயின் கண்ணீரையும் ஒருங்கே திருநூல் காத்து வைத்திருக்கிறது. இரண்டும் வேண்டியவையே.

ஆகவே நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள் கூறுகிறோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அரசிடம் பதிவு பெற வேண்டும் என்பது விதி. அவர்கள் வாங்கும் சேவைக் கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்று வரம்பு வகுக்கப்பட்டது. இலட்சக்கணக்கில் கேட்போர் எவராயினும் அவரை விட்டு விலகுங்கள். ஐயமெழுந்தால், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும், 1978ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரியுங்கள். நியமனக் கடிதம் வந்தால், அதில் அச்சிட்ட முகவரிக்கு எழுதாமல், பள்ளியின் மெய்யான முகவரியை நீங்களே தேடி எழுதுங்கள். கடவுச்சீட்டை எவரிடமும் அடகாய்க் கொடுக்காதீர்கள். போகுமிடத்தில் ஞாயிறு திருப்பலி உண்டா என்பதையும் கேட்டறியுங்கள். ஊதியத்தைப் போல அதுவும் நம் வாழ்வுக்கு வேண்டியதே.

தாய்லாந்துத் திருச்சபை போற்றும் அருளாளர்களுள் ஒருவர், மேகோங் ஆற்றங்கரையிலுள்ள சோங்கோன் சிற்றூரின் ஆசிரியர் பிலிப் சிபோங். ஐந்து பிள்ளைகளின் தந்தை. 1940ஆம் ஆண்டு குருக்கள் அவ்வூரிலிருந்து விரட்டப்பட்டபின், விசுவாசிகளைக் கட்டிக் காத்தவர் அவர். பொய்க் கடிதம் ஒன்றால் அவரை வெளியே வரவழைத்து, டிசம்பர் 16ஆம் நாள் சுட்டுக் கொன்றனர். அவரையும் அவ்வூரின் மற்ற ஆறு மறைசாட்சியரையும் 1989ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். வெளிநாடு சென்று கற்பிக்கும் நம் ஆசிரியர்கள் அனைவரையும் அவருடைய மன்றாட்டுக்கு ஒப்படைக்கிறோம்.

பாங்காக்கிலிருந்து நாம் வாங்கி வந்தது ஒன்றே. ஆசிரியை தம் பூத்தட்டிலிருந்து உலர்ந்த வெட்சிக் கொத்தொன்றை எடுத்து, தாயிடம் சேர்க்கும்படி தந்தார். தாய் அதைத் திருஇருதயப் படத்தின் அடியில் வைத்திருக்கிறார்.

மியாவடியிலிருந்து மீண்ட இளைஞர் இப்பொழுது நம் ஊரிலேயே ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். வட்டிக் கடன் இன்னும் தீரவில்லை. பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் மாதந்தோறும் கைகொடுத்து வருகின்றனர். நாம் ஊர் திரும்பிய வாரத்தில் அவரை அழைத்து, கோவில் வாயிலிலுள்ள கண்ணாடிப் பலகையின் சாவியை அவரிடம் கொடுத்தோம். முதலில் வாங்க மறுத்தார். "எல்லாரும் படிக்கும் பலகை, ஃபாதர். நான் எப்படி?" என்றார். "கேட்காமல் ஒட்டியவர் நாம். கேட்டபின் ஒட்டுவதற்கு உம்மைவிடத் தகுந்தவர் யார்?" என்றோம்.

அன்று முதல் நம் பங்கில் எந்த வேலை அறிவிப்பும் அவர் விசாரித்துப் பார்த்தபின்பே பலகையில் ஏறுகிறது. சில மாதங்களில் பலகை வெறுமையாகவே இருக்கிறது. அவ் வெறுமையைக் காணும்பொழுதெல்லாம் நாம் ஆண்டவருக்கு நன்றி கூறுகிறோம்.